ஏழாவது பெண்ணின் முகம்

அரண்மனையின் நடன மண்டபச் சுவரில் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். பதினொரு பேருக்கு முகம் உண்டு. ஏழாவது பெண்ணின் முகத்தை மட்டும் கூரை ஒழுகல் எப்போதோ தின்றுவிட்டது. பாழடைந்து கிடந்த அந்த அரண்மனையை ஓவிய அருங்காட்சியகமாக்கும் வேலையில், புருஷனும் பெண்டாட்டியுமாக நான்கு வருடமாய் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் வண்ணம் நிரப்புவான். அவள் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவாள்.

அந்தத் தொழிலில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஆடைக் கரையில் இரண்டு பூ உதிர்ந்திருந்தால் பக்கத்துப் பூவைப் பார்த்து நிரப்பலாம். முகம் போயிருந்தால் போனதுதான். ஆதாரம் இல்லாமல் புது முகம் வரையக் கூடாது. வெறும் சாம்பல் நிறம் பூசி விட்டுவிட வேண்டும். நிரப்புவதும் நீர்வண்ணத்தில்தான். தப்பென்றால் ஈரப் பஞ்சில் துடைத்துவிடலாம்.

நான்கு நாளாகக் கீழே மாடிப்படி ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்று காலை மண்டபத்துச் சாரத்தில் ஏறும்போது மனசு ஒரு நிலையில் இல்லை. வெகுதூரத்து நகரத்திலிருந்து மூன்று வருட வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவனிடம் சொன்னபோது, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "நல்ல இடம்தான், போயேன்" என்றான். தெருமுனைக் கடைக்குப் போகிறவளிடம் சொல்வதுபோல.

இருபது வருடக் கல்யாணம். பேச்சு எப்போது நின்றதென்று அவளுக்கே தெரியாது. சண்டை போட்டு நின்றிருந்தால் தேதியாவது ஞாபகம் இருக்கும். முகத்தைப் பார்த்து, 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடலாம் என்று தனக்குத்தானே பேரம் பேசிக்கொண்டு மேல்தட்டுக்கு வந்து நிமிர்ந்தாள்.

ஏழாவது பெண்ணுக்கு முகம் இருந்தது.

அவளுடைய முகம். இருபத்திரண்டு வயதில், கல்லூரி ஓவியக்கூடத்தில் அவனுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளின் முகம். இடது புருவம் வலதைவிட ஒரு நூல் உயரம். துருத்திய முன்பல்லை மறைக்க உள்ளே மடித்துக்கொள்ளும் கீழுதடு.

அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். விதியாவது மண்ணாங்கட்டியாவது! பார்க்காத மாதிரியே இருந்துகொண்டு இத்தனையும் பார்த்து வைத்திருக்கிறானே மனுஷன்!

விளக்குப் பொருத்த வந்த எலக்ட்ரீஷியன் பக்கத்து ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, யாரு இந்தப் பொண்ணு? மத்த பதினொண்ணும் பல்வலி வந்த மாதிரி நிக்குது. இது ஒண்ணுதான் உசுரோட இருக்கு."

"எங்கேயோ பார்த்த மாதிரி இல்ல?"

அவர் ஓவியத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஓவியத்தைப் பார்த்தார். "இல்லியே. நம்ம மூஞ்சிங்களுக்கு நடுவுல இவ்வளவு லட்சணத்தை நான் எங்க பார்க்கப் போறேன்?" என்று சொல்லிவிட்டு ஒயர் எடுக்கக் கீழே இறங்கிப் போனார்.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. தெரிய வேண்டியவனுக்குத் தெரிந்தால் போதாதா?

அவன் தூரிகைப் பெட்டியோடு மேலே வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், "தெரியும், விதியை மீறிட்டேன். சாம்பலைப் பூச மனசு வரல. திட்டுறதுன்னா திட்டு" என்றான்.

"யாரு இவ?"

"யாருமில்ல. கை தானா போச்சு."

"நல்லாப் பாரு."

"பார்க்காமயா வரைஞ்சேன்?"

"நான்டா இது."

கல்லூரியோடு விட்டுப்போன 'டா' அவளை மீறி வந்துவிட்டது. அவன் திரும்பி அவளை நேராகப் பார்த்தான். அளவெடுப்பதுபோல அவன் கண்கள் நெற்றியிலிருந்து தாடைவரை இறங்கின. பிறகு சிரித்தான். கேலிகூட இல்லாத வெள்ளைச் சிரிப்பு.

"நீயா? சும்மா இரு. உனக்கு எப்ப இப்படி இருந்துச்சு மூஞ்சி? எலக்ட்ரீஷியன் காதுல விழுந்தா நாலு நாளைக்கு ஓட்டுவார்."

"அந்த உதடு?"

"அது என் சொந்தக் கற்பனை. அதுக்கு மட்டும் ரெண்டு நாளாச்சு." பெருமையாகத்தான் சொன்னான்.

வேறொருத்தியின் முகமாக இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம், ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

பஞ்சை நனைத்துப் பிழிந்தாள்.

"ஏய், என்ன பண்ற? அருங்காட்சியக இயக்குநர் அம்மா பார்த்துட்டு நல்லாருக்குன்னாங்க!"

"அவங்க நல்லாருக்குன்னு சொல்லலாம். கையெழுத்து நான்தானே போடணும்?"

நெற்றி போனது. உயர்ந்த புருவம் போனது. உதட்டருகே போன கையை அவன் மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டான். அவன் தொட்டு எத்தனை மாதமாயிற்று!

"விட்டுடேன். அவளைப் போக விட்டுடாதே." குரல் உடைந்து, கண் கலங்கி நின்றான்.

இத்தனை நெஞ்சும் இத்தனை ஈரமும் இவனிடம் இருக்கத்தான் செய்கிறது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தைத் துடைத்தாள்.

"நான் அந்த ஊருக்குப் போறேன். இன்னிக்கே சொல்லிடப் போறேன்."

கரைந்த வண்ணம் பழைய ஓவியத்தின் கழுத்து மணிகளை நோக்கி வழிந்துகொண்டிருந்தது. அவன் மண்டியிட்டு அதை அவசர அவசரமாக ஒற்றிக்கொண்டிருந்தான்.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"சரி, சரி. அந்தக் காஞ்ச பஞ்சை எடு, மணியெல்லாம் போயிடப் போகுது."

எடுத்துக் கொடுத்துவிட்டு ஏணியில் இறங்கினாள்.