இரும்பு அம்மணமாக நிற்கக் கூடாது

பெயின்டருக்கு உலகத்தில் பிடிக்காத விஷயங்கள் நிறைய உண்டு. அதில் முதல் இடம் பெயின்ட் அடிக்காத இரும்புக்கு. இரண்டாவது இடம் மச்சானுக்கு.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கார்களுக்கு வயரிங் பார்ப்பவன், தெருமுனையில் பட்டறை வைத்திருந்தான். எந்த வண்டியைத் திறந்தாலும் முதலில், "எவன்யா பார்த்த வேலை இது?" என்று காறித் துப்பாத குறையாகக் கேட்பான். பாதிக்குப் பாதி அது அவனே முந்தைய வருஷம் பார்த்த வேலையாக இருக்கும். அதற்காக அவன் கேள்வியைக் குறைத்துக்கொண்டதில்லை.

பெயின்டரின் தொழில் கேட்டுகளுக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் வண்ணம் அடிப்பது. அவற்றை ஏற்றிப் போக, காருக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன டிரெய்லர் ஒன்று வைத்திருந்தார். அதன் சக்கரம் முனகும், பலகை பிளந்திருக்கும், பின் விளக்குகளுக்குள் மழைத் தண்ணீர் தேங்கி மீன் வளர்க்கலாம் போலிருக்கும். ஆனால் உடம்பு மட்டும் கல்யாணப் பெண் மாதிரி மின்னும். ஆண்டுதோறும் அதற்குப் புதுப் பெயின்ட். இந்த ஆண்டு மயில் நீலம்.

இந்த நிலையில்தான் மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கட்டில், மேசை, புத்தகப் பெட்டிகள் எல்லாவற்றையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு தானே கொண்டுபோய் விடுவதாக அவர் அறிவித்தார். அறிவிப்பை வழக்கம்போல மனைவியிடம் சொன்னார். மனைவி மகளிடம் சொன்னாள். அந்த வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே பேச்சு அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தது. "சாப்பிட்டாளான்னு கேளு", "சாப்பிட்டேன்னு சொல்லும்மா." இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போதும் இதே ஏற்பாடுதான். சண்டை எதுவும் கிடையாது. அவள் வளர்ந்ததும் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

அரை நாள் பயணம். காரில் இருவரும் ரோட்டைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அப்படியென்றால் தனக்கும் பேச்சு வரும் என்று அவர் நம்பினார். என்ன பேசுவது என்பதை ஏணி மேல் நின்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். கீழே நின்ற வீட்டுக்காரர்கள் பெயின்டர் சுவரோடு பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் மகள் டிரெய்லரைச் சுற்றி வந்தாள். இந்த முறை தூது இல்லாமல் நேராகவே பேசினாள்.

"அப்பா, பின்னாடி லைட்டே எரியாத வண்டியில நான் வரமாட்டேன்."

"எரியும்மா. லேசா ஒரு தட்டு தட்டினா எரியும்."

"ஓடுற வண்டியில யாரு இறங்கித் தட்டுறது? நானா?"

அவர் குனிந்து விளக்குக்குள் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார்.

"லாரிக்காரர் நம்பர் வாங்கி வச்சிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள லைட் எல்லாம் ஒழுங்கா எரிஞ்சா உங்ககூட வரேன். இல்லேன்னா சாமான் லாரியில, நான் பஸ்ல."

பெயின்டர் உடனே கடைக்குப் போய் இரண்டு எல்இடி விளக்குகள் வாங்கிவந்தார். அவர் வருவதற்குள் மனைவி தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். வாசலில் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டிரம் மேல் மச்சான் மகாராஜா மாதிரி வீற்றிருந்தான்.

"குடுங்க அத்தான், பத்து நிமிஷ வேலை."

"நீ வாயால சொல்லு, போதும். கை வைக்காதே. போன தடவை நீ ஹாரன் பார்த்ததுல இருந்து வைப்பர் போட்டா ஹாரன் அடிக்குது."

"அது ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றான் மச்சான், கூச்சமே இல்லாமல். "சரி, கேட்டுக்கோங்க. பழைய பல்பு எருமை மாதிரி, எதைப் போட்டாலும் மேயும். எல்இடி அப்படி இல்ல, வீட்டு மாப்பிள்ளை மாதிரி. மரியாதை கொஞ்சம் குறைஞ்சாலும் முகத்தைத் தூக்கி வச்சுக்கும்."

"யாரைச் சொல்றே?"

"லைட்டைச் சொல்றேன். இந்த வெள்ளை வயர்தான் எர்த். பின்னாடி ஒரு இடத்துல, முன்னாடி கார்ல சொருகுற பிளக்குக்குப் பக்கத்துல ஒரு இடத்துல, ரெண்டையும் போல்ட் போட்டு சட்டத்துல முறுக்கணும். முறுக்குற இடத்துல உப்புத்தாள் போட்டு நல்லா சுரண்டுங்க. இரும்பு பளபளன்னு தெரியணும். கரன்ட் திரும்பிப் போற வழி அதுதான்."

இதைச் சொல்லிவிட்டு, பட்டறையில் யாரோ காத்திருப்பதாக அவன் கிளம்பிப் போனான்.

பெயின்டர் சுரண்டினார். பழைய விளக்குகளைக் கழற்றினார், புதியவற்றை மாட்டினார், வயரோடு வயரைச் சேர்த்து டேப் சுற்றினார். சொன்னது சொன்னபடி எல்லாம் செய்தார். கடைசியில் எர்த் போல்ட் மாட்டக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தார். மயில் நீலத்துக்கு நடுவே ஒரு நாணய அளவுக்கு இரும்பு, ஒரு பொட்டுத் துணி இல்லாமல், அம்மணமாக நின்றுகொண்டிருந்தது.

வாழ்நாள் முழுக்க எந்த இரும்பையும் அவர் அந்தக் கோலத்தில் விட்டுவிட்டுப் போனதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வயரை எடுத்தார். திரும்பிப் பார்த்தார். மழை பெய்தால்? துரு ஒரு இடத்தில் நுழைந்தால் நிற்குமா? மச்சான் சுரண்டத்தான் சொன்னான், பெயின்ட் அடிக்காதே என்று சொல்லவில்லையே.

அடிப்பூச்சாக மெல்லிசாய் ஒரு பிரைமர். அது வெயிலில் காய்ந்ததும் மேலே மயில் நீலம். முன்னாலும் அதேபோல. எல்லாம் காய்ந்த பிறகு வயரை வைத்து முறுக்கி, போல்ட் தலைக்கும் ஒரு பூச்சு கொடுத்தார். எங்கே சுரண்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

மச்சான் திரும்பி வந்ததும் சோதனை ஆரம்பமானது. மனைவி காருக்குள் பிரேக்கை மிதிக்க உட்கார்ந்தாள். மகள் வாசற்படியில் போனோடு நின்றாள்.

"மிதி!"

"மிதிச்சுட்டேன்!"

"எரியலை!"

"நான் என்ன பண்ண? மிதிக்கத்தான் சொன்னீங்க, எரிய வைக்கச் சொல்லலையே!"

இடது விளக்கு செத்துக் கிடந்தது. வலது விளக்கு தூக்கத்திலிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்த மாதிரி மங்கலாக முழித்தது. பெயின்டர் தன்னையறியாமல் இடது விளக்கை லேசாகத் தட்டினார். அது எரிந்து அணைந்தது.

"பரவாயில்லையே" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது. "பழசு மாதிரியே இருக்கு. பழகின கைக்குச் சுலபம்."

மச்சானுக்குக் கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. "எர்த்துக்குச் சுரண்டினீங்களா அத்தான்?"

"சுரண்டினேன்."

"நல்லா சுரண்டினீங்களா?"

"பளபளன்னு சுரண்டினேன்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மச்சான் பிளக்கைச் சந்தேகப்பட்டுப் பிரித்தான். பிளக் யோக்கியம். காரின் ஃப்யூஸ்களைப் பிடுங்கிப் பார்த்தான். அவையும் யோக்கியம். கடைக்காரனையும், விளக்கு செய்தவனையும், அவர்களைப் பெற்றவர்களையும் திட்டினான். பின்னால் இருந்த வயர்களைப் பார்த்து, "எவன்யா பார்த்த வேலை இது?" என்றான். "நான்தான்" என்றார் பெயின்டர்.

வெயில் இறங்க ஆரம்பித்தது. மகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். பெயின்டர் அவள் முதுகையே பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மச்சான்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நீயே பாருடா. கை வை."

இத்தனை வருஷத்தில் அத்தான் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. மச்சான் கேலி செய்ய வாயைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அக்காவை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஒரு நீள வயரை எடுத்து, ஒரு முனையை விளக்கின் வெள்ளை வயரிலும் மறு முனையைக் கார் பேட்டரியின் மைனஸ் முனையிலும் வைத்தான். இரண்டு விளக்குகளும் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தன. எடுத்தான், அணைந்தன.

"எர்த்துதான் போகலை. ஆனா சுரண்டினேன்னு சொல்றீங்களே..." டிரெய்லருக்குக் கீழே படுத்து டார்ச் அடித்தான். "அத்தான்."

"என்னடா?"

"இங்க எல்லாம் நீலமா இருக்கு."

"ஆமா. சுரண்டின இடத்துக்கு டச்சப் பண்ணினேன்."

"சுரண்டிட்டு பெயின்ட் அடிச்சீங்களா? பெயின்ட்டுக்குள்ள கரன்ட் போகுமா?"

"இரும்பை அப்படியே விடச் சொல்றியா?" என்றார் பெயின்டர், நிஜமான அதிர்ச்சியோடு. "ஒரு பிரைமர், மேல ஒரே ஒரு கோட்டு பெயின்ட்தான்."

மச்சான் படுத்தபடியே சிரித்தான். அவன் தலை சட்டத்தில் இடித்தது. மறுபடி சிரித்தான். காருக்குள்ளிருந்து மனைவி, "இந்த மனுஷனைக் கல்யாணத்தன்னிக்கு மாலையோட பார்த்தப்பவே நினைச்சேன், உள்ள பிரைமர் அடிச்சிருப்பாங்கன்னு" என்றாள்.

அடுத்த வேலையைப் பெயின்டரே செய்தார். உப்புத்தாளை எடுத்து, தன் கையால் அடித்த நீலத்தைத் தன் கையாலேயே உரித்தார். சொந்தப் பிள்ளைக்கு மொட்டை போடுகிறவர் முகம் மாதிரி இருந்தது. வயரை முறுக்கியதும் மச்சான் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவி, "இது போதும், துரு வராது. போர்வை போத்தியாச்சு, போய்த் தூங்குங்க" என்றான்.

மனைவி மிதித்தாள். சிவப்பு வெளிச்சம் எதிர்வீட்டுச் சுவர் வரை பாய்ந்தது. இடது இண்டிகேட்டர் இடது பக்கமும், வலது வலது பக்கமும், சொல்பேச்சுக் கேட்டு இமைத்தன.

மகள் வெளியே வந்தாள்.

"எரியுது பாரு!" என்றார் பெயின்டர்.

"லாரிக்குச் சொல்லிட்டேன்பா. காலையில வந்துருவார். வேற வேலையை விட்டுட்டு வரேன்னுட்டார், இனி வேண்டாம்னு சொல்ல முடியாது."

பெயின்டர் தலையாட்டினார். துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த விளக்கைத் துடைக்க ஆரம்பித்தார். ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மகள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாமான் லாரியில வரட்டும். நான் உங்ககூடக் கார்ல வரேன்."

துணி நின்றது. "அப்ப டிரெய்லர்?"

"கழட்டிடுங்க. காலியா எதுக்கு?"

"இருக்கட்டும்மா" என்றார் அவர். "லைட் போட்டாச்சு."

மறுநாள் காலை ஊர்வலம் கிளம்பியது. முன்னால் கார், நடுவில் ஒரு துரும்புகூட ஏற்றாத மயில் நீல டிரெய்லர், அதற்குப் பின்னால் டிரெய்லரில் வந்திருக்க வேண்டிய சாமான்களோடு லாரி. பெயின்டர் தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக் பிடித்தார். பிடிக்கும்போதெல்லாம் லாரியின் முகத்தில் சிவப்பு படர்வதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். முதல் டீக்கடையில் லாரிக்காரர் இறங்கி வந்து, "அண்ணே, உங்க லைட்டு கண்ணுல குத்துது. தயவுசெஞ்சு என்னை முன்னாடி போக விடுங்க" என்று கும்பிட்டார். பெயின்டருக்கு வாழ்க்கையில் கிடைத்த பாராட்டுகளில் அது ஒன்று.

காலி டிரெய்லர் ஒவ்வொரு குழியிலும் எகிறிக் குதித்து, பாத்திரக் கடைக்குள் மாடு புகுந்த மாதிரி அலறியது. மகள் தூங்கிப் பார்த்தாள். இயர்போனில் பாட்டு கேட்டுப் பார்த்தாள். கடைசியில் அதைப் பிடுங்கி மடியில் போட்டாள்.

"அப்பா, ஏதாவது பேசுங்களேன். இந்தச் சத்தத்துக்கு அது எவ்வளவோ மேல்."

அவர் தொண்டையைச் செருமினார். ஏணி மேல் நின்று ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. ரோட்டைப் பார்த்தார். இன்னும் நிறைய ரோடு இருந்தது.

"அங்க உன் ரூம் சுவர் என்ன கலரு?" என்று சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"பச்சை! கேவலமான பச்சை! பார்த்தாலே குமட்டுது!" அவளும் பதிலுக்குக் கத்தினாள், கத்தியபடியே அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எந்தப் பச்சை?" என்றார் பெயின்டர்.