ஃபியோர்ட்லாந்தின் நான்காவது படம்

"செத்துப்போச்சு" என்றார் லிண்ட்சே பர்டியூ, பொம்மை பைனாகுலர் போன்ற வியூவரைக் கண்ணிலிருந்து இறக்காமலே.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். "எது?"

"நாலாவது படம். ஆழமே இல்ல. மலை மேல படகைப் பசை தடவி ஒட்டின மாதிரி இருக்கு. ரீல் பார்க்கிறோமா, காலண்டர் பார்க்கிறோமான்னே தெரியல. இந்தா ராஸ், நீயே பாரு... ஐயோ, நீ பார்க்கக் கூடாதே! நைரி, நீ பாரும்மா."

நான் பார்க்கக் கூடாது. எங்கள் சங்கத்தின் சட்டம் அப்படி. ஒரு வரிசையை முழுமையாக்கும் கடைசி ரீல் யாருக்குக் கிடைக்கிறதோ, அவர் அதைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோரும் பார்த்து முடித்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. மற்றவர்களின் வயிற்றெரிச்சலை ஆற்றுவதற்காக இருக்கலாம். ஜூன் கூட்டத்தில் கைக்கு வந்த ரீலை, ஒரு மாதம் முழுக்க உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பள்ளிக்கூட பஸ் ஓட்டும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நியூஸிலாந்தின் தென்கோடி ஊரான இன்வர்கார்கிலில், வட்ட அட்டையில் ஏழு காட்சிகள் பதித்த பழைய ரீல்களைச் சேர்க்கும் எங்கள் சங்கத்தில் பதினோரு பேர். மாதத்தின் முதல் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி, பவுல்ஸ் கிளப்பின் பின்னறை. நியூஸிலாந்தின் பகுதிகளைக் காட்டும் பன்னிரண்டு ரீல் வரிசையை நான் பதினேழு வருடமாகச் சேர்த்தேன். ரோட்டோருவாவின் வெந்நீர் ஊற்று இருந்தது, கான்டர்பரியின் ஆட்டு மந்தை இருந்தது, வடக்கு முனையின் கலங்கரை விளக்கம் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத்தில் காரில் போய்ப் பார்த்துவிடக்கூடிய ஃபியோர்ட்லாந்து! அதைக் கடைசியில் நோலீன் கிராஷாதான் கொடுத்தார், என்னிடம் இரண்டாக இருந்த ரோட்டோருவாவில் ஒன்றை வாங்கிக்கொண்டு.

நோலீனுக்கு எழுபத்தொரு வயது. தபால் ஆபீசில் முப்பது வருடம் இருந்தவர். எங்கள் சங்கத்தில் யார் யாரிடம் எதை மாற்றிக்கொண்டாலும் ரீல் முதலில் அவர் கைக்குத்தான் போகும். ஏழு காட்சியையும் பார்ப்பார். சரியாக இருந்தால் உறையின் மூலையில் பென்சிலால் தன் பெயரின் இரண்டு எழுத்தைப் போடுவார். அந்த இரண்டு எழுத்து இல்லாத ரீலை எங்களில் யாரும் தொட மாட்டோம். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான்.

நைரி பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவள். யாரையும் புண்படுத்தத் தெரியாது. அவள் வியூவரை எடுத்தாள், பார்த்தாள், மறுபடி பார்த்தாள்.

"ஆமா லிண்ட்சே. சிவப்புக் கோட்டுக்காரிகூட மலைக்குள்ள புதைஞ்சு கிடக்கிறா."

அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் எந்த ஏரிக்குப் போனாலும், எந்த மலைக்குப் போனாலும், முன்னால் ஒரு சிவப்புக் கோட்டுப் பெண்ணை நிறுத்தாமல் படம் எடுக்க மாட்டார்கள். அவள் முன்னால் நின்றால்தான் மலை பின்னால் போகும்.

"எவனோ பிரிச்சு ஒட்டியிருக்கான்" என்றார் லிண்ட்சே.

விஷயம் இதுதான். ரீலில் ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு படம் உண்டு. இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று. இரண்டுக்கும் இம்மியளவு வித்தியாசம் இருக்கும். அந்த இம்மியில்தான் முழு ஆழமும் இருக்கிறது. இடப்பக்கத்துப் பிலிம் கிழிந்துபோன ரீலில், அதே காட்சியுள்ள இன்னொரு ரீலின் வலப்பக்கத்துப் பிலிமை வெட்டி ஒட்டினால், இரண்டு கண்ணுக்கும் ஒரே படம். தட்டையாகத்தான் தெரியும். இந்த மாதிரிக் கைவேலையைக் கண்டுபிடிக்கத்தான் நோலீனின் பென்சில்.

வியூவர் மேஜையைச் சுற்றி வந்தது; பார்த்தவர்கள் எல்லோரும் தட்டை என்றார்கள். "குடு இப்படி" என்று நோலீன் அதை வாங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். "எனக்கு நல்லாத்தான் தெரியுது. படகு முன்னால வந்து நிக்குது. நீங்க எல்லாரும் போய்க் கண்ணாடியை மாத்துங்க."

சீஸ் ரோலைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"படகு முன்னால வந்து நிக்குதா?" என்றார் லிண்ட்சே மெதுவாக. "ஏம்மா நோலீன், ரீலும் உன்னது, பென்சிலும் உன்னது. ஒன்பது பேர் இல்லைங்கிறோம், நீ ஒருத்தி இருக்குங்கிறே. இதுக்கு என்ன பேரு?"

"நீயே வை. கோழிக்கெல்லாம் பேரு வைக்கிற ஆளுதானே நீ."

யாரோ சிரித்தார்கள். லிண்ட்சே சிரிக்கவில்லை. "ஆகஸ்ட் கூட்டத்துல பேசிக்குவோம். பென்சில் யார்கிட்ட இருக்கணும்னு ஓட்டு."

நோலீன் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார். கதவுப் பிடியைப் பற்றப் போன கை காற்றைப் பிடித்தது. இரண்டாவது தடவைதான் பிடி அகப்பட்டது. கோபத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்தேன்.

எனக்கும் கோபம்தான். பதினேழு வருடம்! புதன்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். என் ரோட்டோருவா ரீல் ஏற்கெனவே மேஜை மேல் தயாராக இருந்தது.

"எடுத்துக்க. அதுக்குத்தானே வந்தே? உட்காரு, டீ குடிச்சிட்டுப் போ."

உட்கார்ந்தேன். கேட்க வேண்டிய கேள்விகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். நோலீன் கெட்டிலை எடுத்தார். ஊற்றுவதற்கு முன் கெட்டிலின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் டக்கென்று தொட வைத்தார். பிறகுதான் ஊற்றினார். அடுத்த கோப்பைக்கும் அதே டக். பால் ஜாடியும் அப்படியே.

அடுக்கிய கேள்விகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. சனிக்கிழமை கதவுப் பிடிக்குப் பதில் காற்றைப் பிடித்த கை ஞாபகம் வந்தது.

"எந்தக் கண்ணு?" என்று கேட்டேன்.

அவர் எனக்குச் சர்க்கரை போட்டார். நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

"இடது" என்றார் கடைசியில். "பிப்ரவரியில. காலையில எழுந்திரிச்சேன், பாதி ஜன்னலைக் காணோம். டுனீடின் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். இனிமே வராதுன்னுட்டாங்க."

"பிப்ரவரியிலிருந்தா? அஞ்சு மாசமா பென்சில் போட்டுக்கிட்டா இருக்கீங்க?"

"நிறம் தெரியுது, கீறல் தெரியுது, எந்த வருஷத்து அச்சுன்னு தெரியுது. ஆழம் மட்டும்தான் தெரியல. அதுல தப்பு வர்றது ஆயிரத்துல ஒண்ணு. வராதுன்னு நம்பிட்டேன்." கோப்பையைத் தள்ளி வைத்தார். "அறுநூறு ரீல் வச்சிருக்கேன், ராஸ். எல்லாம் இப்ப தபால் அட்டை."

"சனிக்கிழமையே இதைச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லி? அந்த லிண்ட்சே என் கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்டி விடுவான். நைரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் துடைப்பா. அதுக்கு ஏமாத்துக்காரின்னே சொல்லிட்டுப் போகட்டும். ஏமாத்துக்காரியை யாரும் தாங்கிப் பிடிக்க மாட்டாங்க." பிறகு விரலை நீட்டினார். "நீ வாயைத் திறந்தே, அவ்வளவுதான்."

திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. வாயை மூடியிருந்தால் நோலீன் ஏமாற்றுக்காரியாகிவிடுவார். திறந்தால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? ஆகஸ்ட் கூட்டம் வரை மூன்றரை வாரம். ஒருநாள் எலிஸ் ரோட்டில் நிறுத்தத்தையே தாண்டி ஓட்டிவிட்டேன். பின்னாலிருந்து முப்பது பிள்ளைகள் கத்தினார்கள்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை நல்ல மழை. பதினோரு பேரும் வந்திருந்தார்கள். சுவாரஸ்யமான விஷயம் என்றால் எந்த மழையும் எங்களைத் தடுக்காது. நோலீன் தன் வழக்கமான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

லிண்ட்சே எழுந்து தொண்டையைக் கனைத்தார். "நீட்டி முழக்க விரும்பல. கைவேலை செஞ்ச ரீலைத் தெரிஞ்சே தள்ளிவிட்டவங்க கையில பென்சில் இருக்கலாமா? இதுதான் கேள்வி."

நான் எழுந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்து வைத்திருந்தேன். சத்தியமாக நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

"நோலீன் குடுத்தபோது ரீல் நல்லாத்தான் இருந்தது" என்றேன். "நான்தான் ஆசை தாங்காம உறையைப் பிரிச்சுப் பார்த்தேன். கீழே போட்டு மிதிச்சிட்டேன். இடப்பக்கத்துப் பிலிம் கிழிஞ்சிடுச்சு. என்கிட்டே இருந்த பழசுலேர்ந்து ஒண்ணை வெட்டி ஒட்டினேன்."

அறை என்னையே பார்த்தது. லிண்ட்சே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"நீயா?"

"நானேதான்."

"மாண்டரின் பழத்தை முழுசா உரிக்கத் தெரியாது உனக்கு. நீ ரீலோட அட்டையைப் பிரிச்சு, அரை விரல் அகல பிலிமை வெட்டி, கோணாம ஒட்டினே?"

"ஒட்டினேன்."

"உன்கிட்டேதான் ஃபியோர்ட்லாந்தே இல்லையே! பதினேழு வருஷமா அதைத்தானே சொல்லி எங்க உயிரை எடுத்தே. அந்த வலப்பக்கத்துப் பிலிமை எந்த ரீல்லேர்ந்து வெட்டினே?"

இதை நான் யோசிக்கவில்லை. அப்போது ஒரு சிரிப்புக் கேட்டது. நோலீன். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உட்காருடா மடையா" என்றார். "பொய் சொல்றதுக்குக்கூடக் கொஞ்சம் ஆழம் வேணும்."

அவர் எழுந்து, பைக்குள்ளிருந்து பென்சிலை எடுத்து மேஜை மேல் வைத்தார். "எனக்கு இடக்கண்ணு போயிடுச்சு. பிப்ரவரியிலேயே. அந்த நாலாவது படத்தை நான் ஒரு கண்ணாலதான் பார்த்தேன். படகு முன்னால வந்து நிக்குதுன்னு சொன்னது பொய். எனக்கு எந்தப் படகும் இப்ப வந்து நிக்கிறதில்ல. ராஸ் கிட்டே மன்னிப்புக் கேட்டுக்கிறேன். இந்த அஞ்சு மாசத்துல நான் பென்சில் போட்டது பத்தொன்பது ரீல். பட்டியல் கொண்டு வந்திருக்கேன். எல்லாத்தையும் இன்னொரு தடவை பாருங்க."

நைரி கண்ணைத் துடைத்தாள்.

"பாரு, ஆரம்பிச்சிட்டா" என்றார் நோலீன் என்னைப் பார்த்து.

லிண்ட்சே இன்னும் நின்றுகொண்டே இருந்தார். முகம் சிவந்து போயிருந்தது. "ஏன் சொல்லல?" என்றார். "போன மாசம் நான் அத்தனை பேர் முன்னாடி உன்னை... ஏன் சொல்லல நீ?"

"சொன்னா நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடப்பே."

"நான் ஏன் உன் கையைப் பிடிக்கணும்? காலா போச்சு உனக்கு? கண்ணுதானே!"

நோலீன் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். உதடு துடித்தது. சிரிப்பா, அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

ஓட்டு நடக்கவில்லை. யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பென்சில் மேஜை நடுவில் அநாதையாகக் கிடந்தது. கடைசியில் நோலீனே அதை எடுத்து நைரியின் கையில் திணித்தார். "பிடி. உனக்குத்தான் நல்ல கண்ணு, அடிக்கடி கழுவிக்கிறே."

பிறகு கோட்டை எடுத்தார். கிளம்பிவிட்டார் என்று எல்லோருக்கும் புரிந்தது. இந்த மாதம் மட்டும் அல்ல, இனி வர மாட்டார் என்பதும் புரிந்தது. தபால் அட்டை பார்க்க யார் மழையில் வருவார்கள்?

நைரிதான் தவித்துப்போய், தன் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "ஸ்டூவர்ட் தீவு. போன வாரம் பிளஃப் துறைமுகத்துல ஒருத்தர்கிட்ட மாத்தினேன். நானே என்னோடதுக்குப் பென்சில் போட மாட்டேன். ராஸ், நீ பாரேன்."

வியூவரில் ரீலைச் செருகி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினேன். முதல் காட்சியே பிரமாதம். வாய் தானாகப் பேச ஆரம்பித்தது.

"முன்னால ஒரு கயிறு. மூக்கு மேல இடிக்கிற மாதிரி வருது. அதுக்குப் பின்னால படகு..."

கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்த நோலீன் நின்றார். "எவ்வளவு பின்னால?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா? ஒரு கை நீளமா? ரெண்டா? ஸ்டூவர்ட் தீவு நான் பார்த்ததே இல்ல. குடு." வியூவரை வாங்கி வலக்கண்ணை வைத்தார். "கயிறு தெரியுது. படகும் தெரியுது. ரெண்டும் ஒரே இடத்துல இருக்கு. நீ சொல்லு."

"கயிறு உங்க கை நீளத்துல. படகு இந்த மேஜையோட அந்த மூலைக்கு."

"அப்ப அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"தொப்பிக்காரன். துடுப்போட நிக்கிறானே, அவன் படகுலயா, கரையிலயா?"

அவன் இருந்ததையே நான் கவனிக்கவில்லை. வியூவரைக் கேட்டு வாங்கி மறுபடி பார்த்தேன். "கரையில. படகுக்கு ரொம்பப் பின்னால. கதவு தூரத்துல."

"புளுகாதே" என்று லிண்ட்சே வியூவரைப் பறித்தார். "கதவு தூரமாம்! இவனுக்கு பஸ்ஸையே கோட்டுக்குள்ள நிறுத்தத் தெரியாது, தூரத்தைப் பத்திப் பேசறான். நோலீன், கேளு, நான் சொல்றேன். தொப்பிக்காரன் கார் நிறுத்தற இடத்துல நிக்கிறான். என் காருக்குப் பக்கத்துல."

"உன் காரை எங்கே நிறுத்தியிருக்கே?"

"வேலியோரம்."

"மலை?"

"மலை எங்கேயோ போயிடுச்சு. பிளஃப்புக்கும் அந்தப் பக்கம்."

நோலீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோட்டின் ஒரு கை தரையில் புரண்டுகொண்டிருந்தது. வியூவரைத் திரும்ப வாங்கி வலக்கண்ணில் வைத்து, தொப்பிக்காரனை வேலியோரம் வரை மெல்லத் தள்ளி நிறுத்திப் பார்க்கிறவர்போல் அசையாமல் இருந்தார்.

"இல்ல நோலீன், வேலி வரைக்கும் போகாது" என்று நைரி ஆரம்பித்தாள்.

"போகும்" என்றார் லிண்ட்சே.

"கதவுதான்" என்றேன் நான்.

"ஒவ்வொருத்தரா பேசித் தொலைங்க" என்றார் நோலீன், வியூவரை இறக்காமலே. "இன்னும் ஆறு படம் இருக்கு."