குழந்தையைக் கொழுக்க வைத்த தீர்மானம்

"எங்க கமிட்டி ஃபிரேம் போட்டு மாட்டின தீர்மானம், ஒரு குழந்தையைக் கொழுகொழுன்னு ஆக்கிடுச்சு."

இதைப் பெரிய டாக்டர் கேன்டீன்காரரிடம் சொன்னார், லிஃப்ட்காரரிடம் சொன்னார், ஆள் கிடைக்காதபோது லிஃப்டிடமே சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலைமை நர்ஸின் தலை மட்டும் அசையவில்லை.

குறைமாதக் குழந்தைகளின் எடையைக் கூட்டத்தான் அந்த ஊட்டச்சத்துக் கமிட்டி வாராவாரம் கூடியது. கூடியதென்னவோ உறுப்பினர்களின் எடைதான். பிஸ்கட் தட்டு காலியான வேகத்தைப் பார்த்து, வாசலை அகலப்படுத்தத் தச்சர் அளவெடுத்துப் போனதாகக்கூடப் பேச்சு.

வார்டில் ஒரு பொடியன். தூக்கினால் கைக்குட்டையைத் தூக்கினோமோ என்று சந்தேகம் வரும். நர்ஸ்கள் வைத்த பெயர் பயில்வான். உறிஞ்சத் தெம்பில்லாததால், அம்மா பீய்ச்சிக் கொடுத்த பாலைப் பெரிய சிரிஞ்சில் நிரப்பிப் பம்பில் படுக்க வைப்பார்கள். அது மெல்லிய குழாய் வழியே நிதானமாக அவன் வயிற்றுக்குள் போகும். பால் போயிற்று, எடை மட்டும் ஆபீஸ் ஃபைல் மாதிரி நகர மறுத்தது.

அந்தச் சமயத்தில்தான் கமிட்டி 'தாய்ப்பாலே தலைசிறந்தது' என்று தீர்மானம் போட்டு, கதவுக் கனத்தில் கண்ணாடி ஃபிரேமும் செய்தது. ஆணி அடித்தால் குழந்தைகள் விழித்துவிடுமாம். ஸ்டாண்டில் பொருத்தியிருந்த பயில்வானின் பம்பின் வால்பக்கம், சிரிஞ்சை அமுக்கும் முனையில், அதைத் தொங்கவிட்டார் பெரிய டாக்டர்.

அவ்வளவுதான். பயில்வானுக்குக் கன்னம் என்று ஒன்று முளைத்தது.

"ஃபிரேமைப் பாத்து எடை ஏறுமா சார்? அவன் இன்னும் கண்ணையே சரியாத் திறக்கல," என்றாள் தலைமை நர்ஸ்.

"உங்களுக்கு நம்பிக்கை பத்தல சிஸ்டர்."

நம்பாதவள் சும்மா இருப்பாளா? ஃபிரேமைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் சொருகினாள். பயில்வானின் எடை நின்ற இடத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது.

பழி அம்மாவின் தலையில் விடிந்தது. பால் வெறும் தண்ணீர் என்றார் மாமியார். கமிட்டி அதையே வழவழப்பாகச் சொன்னது: வெள்ளிக்கிழமைக்குள் எடை ஏறாவிட்டால் தாய்ப்பால் நிறுத்தம், டப்பாப் பால் ஆரம்பம். தீர்மானம் என்ன ஆவது என்று யாரும் கேட்கவில்லை. பிஸ்கட் வந்துவிட்டது.

வியாழக்கிழமை அம்மா பால் புட்டியை நீட்டினாள். "கடைசின்னா கடைசியா இருக்கட்டும் சிஸ்டர். ஒரு சொட்டுகூடக் கொட்டாம அவனுக்குக் குடுத்துடுங்க."

'நாம எங்கே கொட்டறோம்?' என்று தலைமை நர்ஸுக்குச் சுருக்கென்றது. குப்பைக்கூடைக்குப் போகவிருந்த முந்தைய சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்தாள். உள்சுவரின் மேல்பக்கம் மஞ்சளாக, வெண்ணெய் மாதிரி ஒரு பட்டை. பாலின் கொழுப்பு மேலே மிதந்து, ஒட்டி, அங்கேயே தங்கிவிட்டது. குழந்தைக்குத் தண்ணீர், கூடைக்குச் சத்து! வார்டிலேயே நன்றாகத் தேறியது குப்பைக்கூடைதான்.

ஃபிரேமை இழுத்து வந்து பழைய இடத்தில் மாட்டிப் பார்த்தாள். ஸ்டாண்டின் பிடி தளர்ந்திருந்ததால் ஃபிரேமின் கனத்தில் பம்பின் வால் தாழ்ந்தது, குழாய் மாட்டிய சிரிஞ்சின் மூக்கு நிமிர்ந்தது. சற்று நேரத்தில் மஞ்சள் மூக்கருகே கூடி, முதல் ஆளாகக் குழாயில் இறங்கியது. அவள் வார்டிலிருந்த எல்லாப் பம்புகளுக்கும் மூக்கு நிமிரும்படி துணியை மடித்து முட்டுக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை எடைமேடையில் பயில்வான் எடை ஏறியிருந்தான். மாமியார் உடனே தன் மருமகளின் பாலில் வெண்ணெயே கடையலாம் என்று வார்டெல்லாம் அறிவித்தார்.

"பால்ல ஒரு குறையும் இல்ல சார். நாமதான் சிரிஞ்சைப் படுக்கப் போட்டு, சத்தைக் குப்பையில கொட்டியிருக்கோம்," என்றாள் தலைமை நர்ஸ். அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

பெரிய டாக்டருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "அது சரி, எங்க ஃபிரேமை மாட்டினதும்தானே எடை ஏறிச்சு?"

தலைமை நர்ஸ் அம்மாவைப் பார்த்தாள், பயில்வானைப் பார்த்தாள், கசப்பு மருந்தை விழுங்குவதுபோல எச்சில் விழுங்கினாள்.

"ஆமா சார். உங்க தீர்மானம் தொங்கினதாலதான் அவன் எடை ஏறினான். நடந்தது நிஜம்."