அந்தூரியத்துக்கு நல்ல தண்ணீர்

இப்போது நான் இருக்கும் வீட்டில் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருகிறது. திறக்கும்போதெல்லாம் முள்ளிவாய்க்கால் வீட்டின் குசினிக்குப் பின்னால், தென்னோலைக் கிடுகுப் பந்தலின் கீழ் நின்ற அந்தூரியப் பூச்செடி நினைவுக்கு வரும்.

கடற்கரையில் அது நின்றதே அதிசயம். மழைக்காட்டில் பெரிய மரங்களின் கவட்டில் ஒட்டிக்கொண்டு வளரும் சாதி அது. வேர் மண்ணுக்குள் புதைய விரும்பாது. ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். அதனால்தான் மண்ணுக்குப் பதிலாகத் தேங்காய் மட்டைத் துண்டுகளையும் கரியையும் சட்டியில் அடைத்து வளர்ப்பார்கள். மட்டை ஈரத்தைப் பிடித்து வைக்கும். துண்டுகளின் இடுக்கால் காற்று போய்வரும்.

அதைத் தந்தவர் என் மனைவி சூசையம்மாவின் அக்கா பிலோமினா. மலைநாட்டில் ஹற்றன் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். போரால் பாதை பூட்டுப்பட முந்தி ஒருமுறை வந்தபோது, ஈரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்தே கொண்டுவந்தார். பிறகு அங்கேயே இறந்துபோனார். செய்தி எங்களிடம் வந்து சேர்ந்தபோது அடக்கம் எப்போதோ முடிந்திருந்தது. அக்காவின் கல்லறையைச் சூசை கண்டதே இல்லை. அதனால் ஒவ்வொரு நவம்பரும், மரித்த ஆத்துமாக்களின் திருநாளில், எங்கள் ஊர்ச் சேமக்காலையின் நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடியில் ஓர் அந்தூரியப் பூ வைத்து மெழுகுதிரி கொளுத்துவாள். வேறு ஊரில் அடக்கப்பட்டவர்களுக்கு எல்லோரும் அங்கேதான் கொளுத்துவார்கள்.

தொண்ணூற்றெட்டில் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு அவள் வவுனியா போக வேண்டியிருந்தது. ஆடியில் ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் கிடைத்தது.

"இஞ்சருங்கோ, சட்டியில மட்டை உக்கிப்போச்சு. புதுசு மாத்திவிடுங்கோ. நான் திருநாளுக்கு முந்தி வந்திடுவன். அக்காவுக்குப் பூ வைக்க வேணும்."

"போட் இஞ்சினையே பிரிச்சுப் பூட்டுறன். ஒரு சட்டி பெரிய வேலையே?"

"இஞ்சினுக்கு உயிரில்லை. அதுதான் எனக்குப் பயம்."

மட்டை மாற்றும் வேலையை நன்றாகவே செய்தேன் என்றுதான் நினைத்தேன். கயிறு திரிக்கக் கடலோரக் களப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்த மட்டையில் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். காய்ந்த மட்டை கத்தியைத் திருப்பும். இதில் கத்தி வெண்ணெய்க்குள் போவதுபோல் இறங்கியது. பாதி வேலையைக் களப்பே செய்து வைத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். குடிக்கக் கொண்டுவரும் நல்ல தண்ணீரையும் வீணாக்காமல் நாளுக்கு ஒரு சிரட்டை ஊற்றினேன்.

உலர்ந்த சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சில கிழமைகளில் இலைகளின் ஓரம் மண்ணிறமானது. பிறகு அந்த நிறம் உள்நோக்கி நகர்ந்தது. வெயில்தான் காரணம் என்று இன்னொரு கிடுகு போட்டேன். காற்றாக இருக்குமோ என்று ஈரச்சாக்குக் கட்டினேன். இலைகள் ஒவ்வொன்றாய் விழுந்து இரண்டுதான் மிஞ்சின.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து பக்கத்து வளவில் இருந்த ஜெகதீஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மத்தேயண்ணை, சூசையக்கா வர முந்தி நீங்களும் ஒரு பாஸ் எடுங்கோ."

"எங்க போக?"

"எங்கயாவது. இதைப் பாத்தா அவா உங்களை வீட்டில வச்சிருக்க மாட்டா."

சிரித்தேன். ஆனால் அன்றே இன்னொரு சாக்கையும் நனைத்துக் கட்டினேன்.

மறுநாள் மீன்பிடிக்கும் சின்னராசா தன் படகு எஞ்சினைப் பழுதுபார்க்கத் தோளில் சுமந்துவந்து இறக்கினான். சூடேறி நின்றுவிட்டதாம். படகு எஞ்சின் தன்னைக் குளிர்விக்கக் கடல்நீரையே உறிஞ்சி, உள்ளே சின்னச் சின்ன வழிகளால் ஓடவிட்டு வெளியே தள்ளும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர்ப் பீப்பாவில் வைத்து ஓடவிட்டால் உப்புக் கழுவுப்படும். விடாவிட்டால் சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்புப் போகாது. அங்கேயே படிந்து வழியை அடைக்கும். கழற்றிக் காட்டினேன். வெள்ளைப் பொருக்கு.

"எத்தினை தரம் சொன்னனான், நல்ல தண்ணி ஓடவிடு எண்டு?"

"நல்லாத் துடைச்சனான் அண்ணை."

"வெளியால துடைச்சா உள்ளுக்கை போன உப்பு வருமோ?"

சொல்லும்போதே எனக்கு ஏதோ உறைத்தது. எழுந்து வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். சட்டியில் தண்ணீர் ஊற்றி, அடி ஓட்டையால் சொட்டியதை விரலில் ஏந்தி நக்கினேன். உப்புக் கரித்தது.

மட்டை களப்பின் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருக்கிறது. என் சிரட்டைத் தண்ணீர் அடியால் வழிந்தோடப் போதவில்லை. காற்று தண்ணீரை மட்டும் கொண்டுபோய், உப்பை விட்டுவிட்டது. செடி அதை வேரால் உறிஞ்சி இலையின் ஓரம்வரை அனுப்பியிருக்கிறது. உள்ளே ஓடும் தண்ணீருக்குக் கடைசித் தரிப்பு அந்த ஓரந்தானே. உப்பும் அங்கேயே சேர்ந்து முதலில் அதைக் கருக்கியது.

பின்னால் வந்த சின்னராசா கேட்டான்: "என்னண்ணை, பூச்செடிக்கும் ஓயில் பாக்கிறியளோ?"

"இதுவும் சூடேறி நிண்டிட்டுதடா."

மறுபடி மட்டை மாற்ற முடியாது. இருந்த வேர்கள் புதிய மட்டையைப் பற்றிவிட்டன. பிடுங்கினால் அவையும் அறும். எங்கள் கிணற்றில் கோடையில் உப்புக் கலந்த சவர்த் தண்ணீர். எனவே கோயிலடிக் கிணற்றிலிருந்து சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டிவந்து, அடியால் ஓட ஓட ஊற்றினேன். நக்கிப் பார்த்தேன். மறுநாளும் ஊற்றினேன். உப்பு மெல்ல மெல்லத்தான் இறங்கியது.

திருநாளுக்கு முதல்நாள் சூசை வந்தாள். பையை இறக்காமலே பின்னால் போனாள். களப்பு மட்டை, உப்பு, சின்னராசாவின் எஞ்சின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கினேன். அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய இலைகள் இரண்டுக்கும் நடுவில், சிவந்து சுருண்ட ஒரு குருத்து எழும்பியிருந்தது.

"பூ?"

"இந்தக் குருத்து இலையாகி முத்தினாத்தான் அதின்ர அடியில மொட்டு வரும். நாளைக்கு வராது."

அவள் குந்தியிருந்து குருத்தை விரல் நுனியால் தொட்டாள். "அக்கா கொண்டுவரேக்கையும் ரெண்டு இலைதான் இருந்தது" என்றாள்.

மறுநாள் பின்னேரம் மெழுகுதிரிப் பையை என்னிடம் தந்துவிட்டுச் சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"இதை எங்க கொண்டுபோறாய்?"

"பூவில்லாட்டிப் பரவாயில்லை. உயிரோட இருக்கெண்டு அக்கா பாக்கட்டும்."

சிலுவையடியில் சட்டியை வைத்தோம். குருத்துக்குச் சூடு படாமல் சுற்றியிருந்த மெழுகுதிரிகளைத் தள்ளித் தள்ளி வைத்தேன். செபம் முடிவதற்குள் மழை கொட்டியது. திரிகள் அணைந்தன. சனம் கோயிலுக்கு ஓடியது. சூசை சட்டியைத் தூக்கக் குனிந்தாள்.

"விடு. மழைத் தண்ணியில உப்பே இல்லை. நல்லாக் குளிக்கட்டும்."

நனைந்தபடி நின்றோம். கொஞ்ச நேரத்தில் சட்டியின் அடியால் தண்ணீர் ஓடத் தொடங்கியது. குந்தியிருந்து விரலில் ஏந்தி நாக்கில் வைத்தேன்.

"என்னப்பா இது, சேமக்காலையில குந்தியிருந்து நக்கிறியள்? சனம் பாக்குது."

"நல்ல தண்ணி" என்றேன்.

அவள் கோயில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தானும் குந்தி, சட்டிக்கடியில் விரலை நீட்டினாள்.