கஸ்பர் கேட்காத விசில்

கஸ்பருக்குப் பந்து விளையாட்டில் ஒரு குறை உண்டு. ஓட்டத்தில் குறையில்லை, உதையில் குறையில்லை. றொசல்லப் பக்கத்துத் தோட்டத்து டீமில் நாலு வருசமாக விளையாடுகிறான், ஆனால் ஒரு மேட்ச்கூட முடிகிற வரைக்கும் மைதானத்தில் நின்றதில்லை. கடைசி விசிலை எப்படி ஊதுவார்கள், நீளமாகவா, விட்டு விட்டா, அதுகூட அவனுக்குத் தெரியாது. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அவனுக்கு அழுகைதான் வந்தது.

எல்லாம் அந்தச் சங்கால் வந்த வினை. கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோரில் சாயங்காலம் நாலு மணிக்குச் சங்குக் கம்பியை இழுக்கிறவன் அவன்தான். அந்தச் சத்தம் கேட்டால்தான் மலையில் கொழுந்து பறிக்கிற பொம்பளைகள் கையை நிறுத்திவிட்டுக் கூடையோடு, மைதானத்து ஓரத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்குவார்கள். கொழுந்து பொங்கி வருகிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு மலை ஏறுவார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் சங்கு உண்டு. மேட்ச் மூன்று மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடியும். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கஸ்பர் பந்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஸ்டோரைப் பார்த்து ஓடுவான். ஊதிவிட்டுத் திரும்பி வரலாமே என்பீர்கள். நிறுத்த கொழுந்தை ஸ்டோர் மாடிக்குத் தூக்கி வாடப் பரப்புவது யாராம்? அதுவும் அவன்தான்.

அவன் மனைவி ஐவி மைதானத்துக்கு மேலே இருக்கிற மலையில்தான் கொழுந்தெடுப்பாள். "நான் கட்டிக்கிட்ட மனுசனை வெளையாட்டுல பாத்தா முதுகு மட்டுந்தான் தெரியுது" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கஸ்பருக்குச் சுருக்கென்று தைக்கும்.

அது ஐம்பத்து நாலாம் வருசம், ஏப்ரல் மாதம். பொகவந்தலாவைக்காரர்கள் லொறி பிடித்து மேட்ச் விளையாட வருகிறார்கள் என்று செய்தி வந்தது. கஸ்பர் இந்தத் தடவை விடுவதில்லை என்று ஸ்டோர் வாச்சர் நல்லமுத்துவின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டான்.

"அண்ணே, ஒரே ஒரு நாளு. சங்கையும் கொழுந்தையும் நீங்க பாருங்க. ஒங்க ராக்காவலை ரெண்டு நாளைக்கு நான் பாக்குறேன்."

"ரெண்டு போதாது, மூணு" என்றார் நல்லமுத்து.

"நாலாவே வச்சுக்கங்க!"

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "சங்கு ஒரு நிமிசம் பெசகுனாலும் ஆளனுப்புவேன். பந்து காலுல இருந்தாலும் விட்டுட்டு வரணும்" என்று சொல்லித்தான் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் டீம் மொத்தமும் ஓடைக்குப் போனது. கஸ்பருக்கு அங்கேயே கால் தரையில் பாவவில்லை. பஜாரில் கடை வைத்திருக்கிறவரின் மகன் லாபிர் ஒரு கூடை ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்திருந்தான். டீமில் வலது பக்கம் ஓடுகிறவன் அவன், வாயும் அதே வேகத்தில் ஓடும். ஐஸ் மாதிரித் தண்ணீரில் விழுந்து எழுந்து, நடுங்கிக்கொண்டே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள்.

"மச்சான், இன்னைக்கு முழு மேட்சா? பாத்துடா, நாலு மணிக்கு மேல வெளையாடி ஒனக்குப் பழக்கமில்ல, மயக்கம் போட்டுறாத" என்றான் லாபிர்.

கஸ்பர் அவனைத் தண்ணீருக்குள் அமுக்கினான். தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டரும் டீமுக்குக் கேப்டனுமான பத்திநாதன் கரையில் நின்று, "கால ஒடச்சுக்காதீங்கடா, மத்தியானம் வேலையிருக்கு!" என்று கத்தினார். கத்திவிட்டு அவரும் குதித்தார்.

மூன்று மணிக்கு மேட்ச். அடேயப்பா, என்ன மேட்ச் அது! விசில் ஊதுகிற ரெப்ரியாக ஹட்டனிலிருந்து லியனார்ட் சேர் வந்திருந்தார். தபால் கந்தோரில் வேலை, சட்டம் என்றால் சட்டம் என்கிற ஆள். வந்தவர்கள் ஒவ்வொருத்தனும் கல்லுக்குண்டு. பத்தாவது நிமிசமே ஒரு கோல் போட்டுவிட்டார்கள். லாபிர் ஒருமாதிரி நெஞ்சால் தள்ளியோ வயிற்றால் தள்ளியோ பதிலுக்கு ஒன்று போட்டான். மலையில் பொம்பளைகளின் கை கொழுந்தில் இருந்தது, கண் மைதானத்தில் இருந்தது. கங்காணி கத்திப் பார்த்தார். பிறகு அவரும் ஒரு கல்லில் ஏறி நின்று மேட்ச் பார்த்தார்.

ஒன்றுக்கு ஒன்று. இடைவேளை முடிந்து பக்கம் மாறினார்கள். இப்போது கஸ்பர் கோல் போட வேண்டிய கம்பம் ஸ்டோர்ப் பக்கம். யாரும் அதை யோசிக்கவில்லை, கஸ்பரும் யோசிக்கவில்லை.

நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கும். பத்திநாதன் மாஸ்டர் நடுவிலிருந்து தூக்கிக் கொடுத்தார் பாருங்கள் ஒரு பந்து! அது கஸ்பர் காலில் வந்து ஒட்டியது. எடுத்தான் ஓட்டம். ஒருத்தனை வெட்டினான், இன்னொருத்தனைத் தாண்டினான். முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான், அதற்குப் பின்னால் ஸ்டோர்.

அந்த நேரம் பார்த்து ஊதியது சங்கு.

மைதானம் அப்படியே நின்றது. பொகவந்தலாவைக்காரர்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தானே, பிறந்ததிலிருந்து சங்குக்கு வேலையை நிறுத்திப் பழகிய உடம்பு. துரத்தி வந்தவன் நின்றான். கோல்கீப்பர் கையைத் தொங்கப் போட்டுவிட்டு ஸ்டோரைத் திரும்பிப் பார்த்தான். லாபிர் நெற்றி வியர்வையைத் துடைத்தான். மலையில் பொம்பளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள்.

நிற்காதவன் கஸ்பர் ஒருத்தன்தான். அவனுக்குச் சங்கு எப்போது வேலையை நிறுத்தியிருக்கிறது? ஊதின பிறகுதானே அவனுக்குக் கொழுந்து தூக்குகிற வேலை. நாலாகவில்லை என்று அவன் உடம்புக்கே தெரியும். நேரே போய்ப் பந்தை வலைக்குள் சாத்தினான்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்ல வேண்டுமா? வந்த டீமின் கேப்டன், "இது அநியாயம்ங்க! சங்கு ஊதிருச்சு!" என்று குதித்தான். லியனார்ட் சேரும் சங்குக்கு நின்றவர்தான், முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"மேட்சை நிறுத்துறது என் விசிலு. அது என் வாயிலதான் இருந்துச்சு, நான் ஊதல. கோல்."

ரெண்டுக்கு ஒன்று! லாபிர் கஸ்பரின் முதுகில் ஏறிக் குதிரை ஓட்டினான். கஸ்பர் மட்டும் ஸ்டோரைத் திரும்பிப் பார்த்தான். பத்து நிமிசம் முன்னாடி ஊதிவிட்டதே! ஸ்டோர்ப் படியில் டீமேக்கர் ஐயா நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் நல்லமுத்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"என்னய்யா பண்ணித் தொலச்ச?" என்று டீமேக்கர் கத்தியது மைதானம் வரை கேட்டது.

"ஐயா, கெடிகாரத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். சன்னல்ல தலையத் தூக்குனா, கஸ்பர் ஸ்டோரப் பாத்து ஓடியாறான். நாலு வருசமா அவன் இப்படி ஓடியாந்தா நாலு மணிதானேங்க? கை தானா இழுத்துருச்சு."

"நாலு மணிக்கு மறுபடி சரியா ஊதணும். கஸ்பர்! நீயே மேல வா!" என்று டீமேக்கர் கூப்பிட்டார்.

கஸ்பருக்கு உயிரே போனது. இத்தனை கெஞ்சலும் நாலு நாள் ராக்காவலும் இதற்குத்தானா? தலையைக் குனிந்துகொண்டு ஒரு எட்டு வைத்தான். ரெண்டாவது எட்டு வைப்பதற்குள் மடுவத்துப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஐவி. தலையில் கூடை, இடுப்பில் கை.

"ஐயா, மலையில ஒரு ஆளு இல்லைங்க. கங்காணிகூட எறங்கிட்டாரு. இனி யாருக்குங்கய்யா ஊதுறது?"

டீமேக்கர் மலையைப் பார்த்தார். உண்மைதான், மலை வெறிச்சென்று கிடந்தது. அத்தனை பொம்பளைகளும் மைதானத்தைச் சுற்றிக் கூடையோடு நின்றார்கள். "இறங்கிட்டோம்ங்க, இறங்கிட்டோம்ங்க" என்று ஐவியோடு சேர்ந்து பத்துக் குரல் எழுந்தது. மறுபடி மேலே அனுப்பினால் ஏறுவதற்குள் நாலாகிவிடும். அவருக்கு அது லாபக் கணக்காகப் படவில்லை.

"கொழுந்த நிறுங்க, நிறுங்க" என்று கையை வீசினார். உள்ளே போகவில்லை. படியிலேயே உட்கார்ந்து மேட்ச் பார்த்தார்.

நாலு மணி ஆனது. யாரும் சொல்லவில்லை, கஸ்பரின் காலுக்குத் தெரிந்துவிட்டது. பந்து எங்கேயோ இருக்க, அவன் தானாக ஸ்டோர்ப் பக்கம் நாலு எட்டு ஓடிவிட்டான். "எங்கடா போற, பேயே!" என்று பத்திநாதன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

அதற்குமேல் அவன் பார்த்த ஒவ்வொரு நிமிசமும் அவனுக்குப் புதுசு. மைதானத்தில் நிழல் இவ்வளவு நீளமாக விழும் என்று தெரியாது. கடைசிக் கால் மணியில் எதிராளி இப்படி வெறி பிடித்து வருவான் என்றும் தெரியாது. கொழுந்து நிறுத்து முடித்த பொம்பளைகள் போட்ட சத்தத்தில் காது அடைத்தது. வந்தவர்கள் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொன்றை லாபிர் தலையைக் கொடுத்துத் தடுத்துவிட்டு அங்கேயே மல்லாந்தான். தெறித்த பந்து கஸ்பரிடம் வந்தது. "ஓடுங்க! ஓடுங்க!" என்று ஐவி கத்தினாள். இந்தத் தடவை அவள் பார்த்தது முதுகை இல்லை. அவளைத் தாண்டித்தான் அவன் ஓடினான், பல் அத்தனையும் தெரிய.

ஓடினான், ஓடினான், ஓடிக்கொண்டே இருந்தான். கோல்கீப்பர் தரையில் உட்கார்ந்திருந்தான். அதையும் கவனிக்காமல் பந்தை வலைக்குள் அடித்துவிட்டு, ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "மூணு!" என்று திரும்பினான்.

மைதானம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு டீமும் கைகொடுத்து முடித்திருந்தார்கள்.

"டேய், மேட்ச் முடிஞ்சுருச்சுடா! விசிலு கேக்கல?" என்றார் பத்திநாதன்.

கஸ்பரின் கை மெதுவாக இறங்கியது. "நீளமா ஒண்ணு கேட்டுச்சே, அதா மாஸ்டர்?"

"அதேதான்!"

லாபிர்கூட சிரிப்பை நிறுத்திவிட்டான். கஸ்பர் லியனார்ட் சேர் முன்னால் போய் நின்றான். மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"சேர், கோவிச்சுக்காதீங்க. இன்னும் ஒரு தடவ ஊதுவீங்களா?"

சட்டம் என்றால் சட்டம் என்கிற மனுசன் அவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு விசிலை வாயில் வைத்துக் கன்னம் உப்ப, நீளமாக, நிதானமாக ஊதினார்.

இந்தத் தடவை கஸ்பரும் நின்றான்.