புத்தூர்க் கட்டு

"கையிதான ஒடஞ்சுது, வாயி நல்லாத்தான கீது? அவன் சொல்லட்டும், நீ டைப் அடி. கெளம்பும்மா."

சம்பத் கார்ச் சாவியை எடுத்ததும் சந்தியா அவசரமாக எழுந்து வழியில் நின்றாள்.

திருப்பதி லாட்ஜுகளுக்கு ரூம் பதிவு ப்ரோகிராம் எழுதித் தரும் கம்பெனி அது. முதலாளி சம்பத்தையும் சந்தியாவையும் சேர்த்து ஐந்தே பேர். காலையிலிருந்து ஒரு லாட்ஜில் கம்ப்யூட்டர் ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. மொட்டை போட்டு வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு ரிசப்ஷனில் மல்லுக்கு நின்றார்கள். அந்த ப்ரோகிராமை எழுதியவன் சந்தியாவின் கணவன் தேவேந்திரன். அவனை விட்டால் அதைத் தொட ஆளில்லை.

அவனோ, பைக்கிலிருந்து விழுந்து கை முறிந்துவிட்டது, புத்தூருக்குக் கட்டுப் போடப் போகிறேன் என்று சம்பத்துக்குப் போன் செய்துவிட்டு, செல்போனை அணைத்துவைத்துச் சென்னைக்கு ரயில் ஏறியிருந்தான். பெரிய கம்பெனியில் இன்டர்வியூ. எலும்பு முறிந்தால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் போகிற ஊர்தானே புத்தூர், யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

"நானே எப்டியாவது பாத்துடறேண்ணா. நீங்க எதுக்கு அலையணும்?"

"லாட்ஜ் கெடக்கட்டும். புள்ள வலில துடிச்சிக்கினு இருப்பான். கட்டு போடறவரு நமக்கு வேண்டியவரு."

கார் திருச்சானூரைத் தாண்டியது. பொய் தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். காதல் கல்யாணத்துக்கு அவளைப் பெற்ற நைனா முகம் கொடுக்காதபோது, சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்து, "பையனுக்கு நான் பொறுப்பு" என்று சம்மதம் வாங்கித் தந்தவர் இவர். எந்தப் பெரிய கம்பெனி முதலாளி அப்படி வருவான்? கல்யாணம் முடிந்த மறுநாளே, பிரிண்டர் ஓடவில்லை என்று கதவைத் தட்டி மாப்பிள்ளையை இழுத்துப் போனவரும் இவர்தான்.

செல்போனில் லாட்ஜ்காரர் தெலுங்கில் கத்தினார். "ஒஸ்தானண்டி, ஒஸ்தானு" என்று, இதோ வந்துவிடுகிறேன் எனச் சமாளித்துப் போனை வைத்த சம்பத்தின் நெற்றி வியர்த்திருந்தது.

"இந்த லாட்ஜ் உட்டுச்சுன்னா மத்தவங்களும் உட்டுடுவாங்க. அப்புறம் கடைய மூட வேண்டியதுதான்."

வடமாலப்பேட்டை வந்துவிட்டது. அடுத்தது புத்தூர்தான். அங்கே போய் ஒவ்வொரு கட்டிலாகத் தேடுவார்.

"அண்ணா, வண்டிய நிறுத்துங்க."

பிரேக் போட்டவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "இன்னாம்மா, வாந்தி வருதா? விசேஷமா?"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொங்கியது.

"அவரு புத்தூர்ல இல்லண்ணா. கையும் ஒடையல. மெட்ராஸ்ல இன்டர்வியூக்குப் போயிக்கிறாரு."

சம்பத் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். லாரிகள் காரை உலுக்கிக்கொண்டு போயின. மறுபடி போன் அடித்தது. சென்னை நம்பர்.

"கட்டு போட்டாச்சுண்ணா." தேவேந்திரனின் முனகல் சந்தியாவுக்கும் கேட்டது. "வலி உயிர் போவுது."

"கைய அசைக்காதப்பா" என்றார் சம்பத் நிதானமாக. "வேலை கெடச்சுதா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"லாட்ஜ்ல ஒரே ரூமு ரெண்டு பேருக்குப் போவுது. எங்க தப்புன்னு உன் பொண்டாட்டிக்குச் சொல்லு."

போன் அவள் கைக்கு வந்தது.

"அவருக்கு எப்டி தெரியும்?" தேவேந்திரன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"நான்தான் சொன்னேன்."

"ஏய், வேலை கெடச்சிடுச்சுடி. நீ..."

"அத அப்புறம் பேசலாம். மொதல்ல தப்பு எங்கன்னு சொல்லுங்க."

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். காகிதம் தேட நேரமில்லாமல் அவள் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டாள். சம்பத் வண்டியைத் திருப்பதிப் பக்கம் திருப்பினார். வரும்போது ஓயாமல் பேசிக்கொண்டு வந்த மனிதர், லாட்ஜ் வாசல் வரை வாயே திறக்கவில்லை.