கண்ணீர் அஞ்சலி: ஜாஸ்மின்

காலையில் அவசரமாகக் கிளம்பிய அன்பரசன் செல்போனை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கும் ஜாஸ்மினுக்கு அன்று லீவு. கொடுத்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறி, பேரணாம்பட்டில் கணவன் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலைக்கு முதன்முறையாகப் போனாள்.

"யாரும்மா வேணும்?" என்றார் வாட்ச்மேன் வேலு.

"அன்பரசன். நான் அவரு வைஃப்."

அவர் எழுந்து நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவள் கால்கள் தரையில் இருக்கின்றனவா என்று பார்த்தார்.

"அந்தம்மா போன வருசமே தவறிட்டாங்களே."

ஜாஸ்மினுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் கண் போன பக்கம் திரும்பினாள். சைக்கிள் ஷெட்டில் சாரல் அடிக்காமலிருக்கப் பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். வெயிலில் வெளுத்த எழுத்து: கண்ணீர் அஞ்சலி. அதன் கீழே கல்யாணப் புடவையில் அவளே. காற்றடித்தபோது அந்த முகம் மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கியது. உச்சி வெயிலில் அவளுக்கு முதுகு சில்லிட்டது.

சாப்பாட்டுக்கு வெளியே வந்த பெண்கள் அவளைக் கண்டதும் அப்படியே நின்றார்கள். மூத்தவளான அஜீஸுன்னிசா மட்டும் கிட்டே வந்து, விரலால் அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"சுடுதே," என்றாள். "மஞ்சக்காமாலைன்னாரு. உங்கம்மா ஊரு ஆலங்காயத்துலயே அடக்கம் முடிஞ்சிச்சுன்னாரு. கடசியா நீ தண்ணி கேட்டியாம். எடுத்துனு வர்றதுக்குள்ள போய்ட்டியாம். சொல்லிச் சொல்லி அழுதாரும்மா. உனக்காக இன்னிக்கி வரைக்கும் துவா கேட்டுனு இருக்கேன்."

"எப்பக்கா இது?"

"போன ஆகஸ்ட்டு. பத்து நாள் லீவு குடுத்தாங்க."

அந்தப் பத்து நாளும் சென்னையில் ட்ரெய்னிங் என்று அவளிடம் சொல்லிவிட்டு, தோஸ்துகளோடு கோவா போயிருந்தான். பின்னால் அது தெரிந்து சண்டையும் போட்டு ஓய்ந்தாயிற்று. லீவு எப்படிக் கிடைத்தது என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

அப்போது அன்பரசன் வந்தான். ஒரு நொடிதான் முகம் வெளுத்தது.

"இவ ஜாஸ்மினோட தங்கச்சி," என்றான் எல்லோரிடமும். "அச்சு அசல் அவளாட்டமே இருப்பா." குரலில் பிசிறே இல்லை. பிறகு அவளைப் பார்த்தான்.

அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. முன்பெல்லாம் சூப்பர்வைசர் போன் செய்தால் "அவருக்குக் காய்ச்சல்" என்று சொன்னது அவள்தான். மாமியார் கேட்டால் "நேத்தே கெளம்பிட்டாரு" என்றதும் அவள்தான். சின்ன விஷயம்தானே என்று பத்து வருடமாகத் தலையாட்டியவள். இப்போதும் அந்தத் தலை தானாக அசையத் தொடங்கியதை உணர்ந்தாள். பேனரைவிட அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"எனக்குத் தங்கச்சியே கெடையாது," என்றாள். "நான்தான் ஜாஸ்மின்."

அன்பரசன் தலை குனிந்தான். "லீவு இல்லன்னாங்க. வாய்ல வந்துச்சு, சொல்லிட்டேன்."

அவள் போனை அவன் கையில் வைத்தாள்.

"உங்கள மட்டும் சொல்லி இன்னா பண்றது. சின்னப் பொய்தானேன்னு வீட்ல இருக்கறவங்க தலையாட்டுனா, அது வளந்துனேதான் போவும். நான் ஆட்டுன ஆட்டுலதான் நீங்க என்னையே பொதச்சீங்க. இனிமே உங்க பொய் எதுக்கும் நான் சாட்சி இல்ல."